தொடை எலும்பு முறிவு: ஒரு பிளேட்டா, இரண்டு பிளேட்டா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது, குளியலறையில் வழுக்கி விழுந்ததில் முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு நொறுங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் வெளிப்பக்கம் சின்னச் சின்னக் கீறலாகப் போட்டு ஒரு லாக்கிங் பிளேட் வைத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் உள்பக்கமும் ஒரு பிளேட் வேண்டும் என்கிறார். போதாக்குறைக்கு, உங்கள் சித்தப்பா மகனுக்கு பைக் விபத்தில் தொடை உடைந்தபோது பிளேட்டே இல்லாமல் ராடு போட்டு சீக்கிரமே நடக்க விட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் ஏன் பிளேட் என்று வீட்டில் கேட்கிறார்கள். "எந்த முறை சிறந்தது?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொன்னால், அதில் ஒருவர் தெரியாமலோ காசுக்காகவோ சொல்கிறாரா என்பதுதான் அது. அப்படி இருக்க வேண்டியதில்லை. இருவருமே நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். எலும்பு அறுவை சிகிச்சையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். அம்மாவின் எக்ஸ்ரேயை நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் படிக்கும்போது மறந்துவிடாதீர்கள்.

முதலில் சித்தப்பா மகன் விஷயம், அது எளிது. அவருக்கு உடைந்தது தொடையின் நடுப்பகுதியாக இருக்கும். அங்கே எலும்பு ஒரு குழாய். குழாய்க்குள் ராடைச் செலுத்தி இரண்டு முனையிலும் ஸ்குரூ போட்டுப் பூட்டினால், உடம்பின் பாரம் எலும்பின் நடு அச்சு வழியாகவே இறங்கும். ஜெர்மனியில் கூன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் 1939-40 வாக்கில் தொடங்கிவைத்த இந்த முறைதான் பெரியவர்களின் நடுத்தொடை முறிவுக்கு இன்றும் முதல் தேர்வு. இதில் சந்தேகமே இல்லை. நடுத்தொடையில் பிளேட் போடுவது விசேஷக் காரணம் இருந்தால்தான்: குழாய் மிகக் குறுகலாக இருப்பது, ஏற்கெனவே செயற்கை இடுப்பு மூட்டு வைத்து அதன் தண்டு குழாயை அடைத்திருப்பது, பழைய முறிவு கோணலாகச் சேர்ந்திருப்பது, கனமான பிள்ளைகளுக்கு நொறுங்கிய முறிவு வருவது, இப்படி. அம்மாவுக்கு உடைந்த இடம் வேறு. முழங்காலை நெருங்க நெருங்க அந்தக் குழாய் புனல் போல விரிந்துவிடும். உள்ளே மெல்லிய வலைப்பின்னல் எலும்பு. அங்கே ராடு ஆடும். முறிவு மூட்டுக்குள் இறங்கியிருந்தால் இன்னும் கஷ்டம். முழங்கால் வழியாக மேல்நோக்கி ஏற்றும் ராடு ஒன்று உண்டு, சில முறிவுகளுக்கு அது பிளேட்டுக்குச் சமமான தேர்வுதான். ஆனால் அண்ணன் தம்பிக்குப் போட்டதை அம்மாவுக்கும் போடலாமே என்ற வாதம் செல்லாது.

இனி பிளேட். எந்தப் பிளேட்டும் எலும்பைச் சேர்ப்பதில்லை. எலும்பு தானாகச் சேர்கிறது; அதுவரை பிளேட் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். எலும்பு சேர இரண்டு வேண்டும்: ரத்தம், ஓரளவு பிடிமானம். கஷ்டம் என்னவென்றால், பிடிமானத்தைக் கூட்டப் போனால் தசையைப் பிரிக்க வேண்டும், பிரித்தால் ரத்தம் குறையும். கடந்த அறுபது எழுபது வருடங்களாக வந்த பிளேட் முறைகள் எல்லாமே இந்தப் பேரத்தின் வெவ்வேறு விலைகள்தான்.

இதை நான் கற்ற விதம் எனக்குப் பெருமை தருவதல்ல. தொழிலுக்கு வந்த புதிதில், மூட்டை தூக்கும் வேலை செய்பவர் ஒருவர், முப்பது வயதிருக்கும், தொடையின் கீழ்ப்பாதி நான்கைந்து துண்டாகி வந்தார். வெளிப்பக்கம் நீளமாகத் திறந்தேன். ஒவ்வொரு துண்டையும் தசையிலிருந்து விடுவித்து, கழுவி, உடைந்த ஓட்டுச் சில்லுகளை ஒட்டுவது போல ஒன்றோடு ஒன்று பொருத்தி, பிளேட்டும் பத்து ஸ்குரூவும் போட்டேன். மறுநாள் எக்ஸ்ரேயில் முறிவுக் கோடே தெரியவில்லை. ரவுண்ட்ஸில் அந்தப் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். ஐந்தாவது மாதம் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டபோது 'டக்' என்று சத்தம் கேட்டதாம். பிளேட் ஒரு துளையின் குறுக்கே சுத்தமாக ஒடிந்திருந்தது. திரும்பத் திறந்தபோது நான் அவ்வளவு அழகாகப் பொருத்திய துண்டுகள் சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்துக் கிடந்தன. டிரில் போட்டால் ஒரு சொட்டு ரத்தம் கசியவில்லை. துண்டுகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்த தசையை எல்லாம் நானே வெட்டி எடுத்திருந்தேன். எலும்பு செத்துவிட்டது, ஐந்து மாதமாகப் பிளேட் மட்டும் தனியாக அவரைச் சுமந்திருக்கிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியுமே, அதேதான்.

அன்று நான் செய்ததற்குப் பெயர் கம்ப்ரெஷன் பிளேட்டிங். 1958-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. என்ற அறுவை மருத்துவர் குழு உலகெங்கும் பரப்பிய முறை. 1969-இல் வந்த பிளேட்டில் துளைகள் முட்டை வடிவில், உள்ளே ஒரு சரிவோடு இருக்கும். ஸ்குரூவை இறுக்கும்போது அதன் தலை சரிவில் வழுக்கி, எலும்பின் இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று நெருக்கும். நல்ல யோசனைதான், இன்றும் நல்ல யோசனைதான்: குறுக்கே நேராக உடைந்த, இரண்டே துண்டான எலும்புக்கு. முன்கை எலும்புகளுக்கு இன்றுவரை அதுவே சரி. நொறுங்கிய தொடைக்கு அதைக் கொண்டுபோனதில்தான் தப்பு.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. அதே ஏ.ஓ. குழுவின் ஆய்வாளர் ஸ்டீபன் பெரன் சொன்னது. முறிவின் இடைவெளி எத்தனை சதவீதம் அசைகிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எந்தத் திசு உயிர்வாழும் என்பது முடிவாகிறது. முற்றிய எலும்பு 2 சதவீதம் வரைதான் தாங்கும். குருத்தெலும்பு 10 சதவீதம் வரை. ஆரம்பத்தில் உருவாகும் மென்மையான திசு 100 சதவீதம்கூடத் தாங்கும். இப்போது பாருங்கள். முறிவு ஒரே கோடாக, இடைவெளி 1 மில்லிமீட்டராக இருந்து அரை மில்லிமீட்டர் ஆடினால் அது 50 சதவீதம். எலும்பு அங்கே பிழைக்காது. அதே அரை மில்லிமீட்டர் ஆட்டம், 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு நொறுங்கிய பகுதி முழுக்கப் பரவினால் 2 சதவீதம்தான். ஆக, நேர்க்கோட்டு முறிவை இறுக்கமாக நெருக்க வேண்டும். நொறுங்கிய முறிவைத் தொடாமல், மேலும் கீழும் மட்டும் பிடித்து, பாலம் போலத் தாண்டிப்போக வேண்டும். பின்னதில் துண்டுகள் கொஞ்சம் அசைவது நல்லது. அந்த அசைவுதான் புது எலும்பை வரவழைக்கிறது. முறிவோடு வந்தவர் "என்ன டாக்டர், துண்டெல்லாம் அப்படியே கிடக்குதே" என்று எக்ஸ்ரேயைப் பார்த்துப் பதறுவது வழக்கம். மூன்று மாதம் கழித்து அதே துண்டுகளைச் சுற்றி மேகம் போல எலும்பு வளர்ந்திருக்கும்.

இந்தப் பால முறையைத் தோலை அதிகம் திறக்காமல் செய்வதுதான் உங்கள் முதல் டாக்டர் சொன்ன சின்னக் கீறல் முறை. முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஒரு கீறல், அதன் வழியே தசைக்கும் எலும்புக்கும் இடையில் பிளேட்டை மேல்நோக்கி வழுக்கிவிடுவோம். ஸ்குரூக்களுக்கு மேலே அரை அங்குலக் கீறல்கள். 1990-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் பிரேதங்களின் தொடை ரத்தக்குழாய்களில் சாயம் செலுத்திப் பார்த்தார்கள். பழைய முறையில் திறந்து பிளேட் போட்ட தொடைகளைவிட, வழுக்கிவிட்ட தொடைகளில் எலும்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் நன்றாகத் தப்பியிருந்தன. ரத்தம் காப்பாற்றப்படுகிறது என்பது உறுதி. எலும்பு ஒட்டு, அதாவது வேறிடத்து எலும்பை எடுத்து நிரப்புவது, வைக்கவேண்டிய தேவையும் குறைந்தது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. அதைச் சிலர் சொல்வதில்லை. எலும்பைக் கண்ணால் பார்க்காமல் சேர்ப்பதால் கால் திருகிக்கொண்டு சேரலாம், வெளிப்பக்கமோ உள்பக்கமோ சாயலாம், குட்டையாகலாம். திறந்து செய்வதைவிட இந்த ஆபத்து இதில் கூடுதல்தான். ஆபரேஷன் தியேட்டரில் இதைச் சரிபார்க்க நாங்கள் செய்யும் வேலை பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். ரத்தக்கசிவைச் சுட்டு நிறுத்தும் காட்டரி மெஷினின் ஒயரை எடுத்து, ஒரு முனையை இடுப்பு மூட்டின் நடுவிலும் மறுமுனையைக் கணுக்காலின் நடுவிலும் இழுத்துப் பிடிக்கச் சொல்லி, சி-ஆர்ம் என்ற, உடனுக்குடன் படம் காட்டும் எக்ஸ்ரே கருவியில் முழங்காலைப் பார்ப்போம். ஒயரின் நிழல் மூட்டின் நடுவில் விழுந்தால் கால் நேர். ஒரு விரற்கடை விலகினாலும் பிளேட்டைக் கழற்றி மறுபடி. பல லட்ச ரூபாய் மெஷின்களுக்கு நடுவே ஒரு ஒயர்தான் தீர்ப்பு சொல்லும். திருகலுக்கு நல்ல காலின் தொடை எலும்பை முதலிலேயே சி-ஆர்மில் படம்பிடித்து வைத்துக்கொண்டு, உடைந்த காலை அதோடு ஒப்பிடுவோம். ஆகவே சின்னத் தழும்பைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கீறல் சின்னதாக இருந்து கால் 20 டிகிரி திருகி நின்றால் யாருக்கு லாபம்?

லாக்கிங் பிளேட் என்பதை இந்தச் சின்னக் கீறல் முறையோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. சின்னக் கீறல் என்பது வைக்கும் விதம். லாக்கிங் என்பது ஸ்குரூவின் விதம். சாதாரண ஸ்குரூ பிளேட்டை எலும்போடு அழுத்தி, உராய்வால் பிடிக்கிறது. கரையான் அரித்த நிலைக்கட்டையில் கீல் ஸ்குரூவை முறுக்கிப் பாருங்கள், சுற்றிக்கொண்டே இருக்கும். எலும்பு அடர்த்தி குறைந்த வயதானவர்களில் நடப்பது அதுதான். ஒன்று தளர்ந்தால் அடுத்தது, அப்புறம் அடுத்தது. லாக்கிங் ஸ்குரூவின் தலையிலும் மரை இருக்கும், அது பிளேட்டின் துளைக்குள்ளேயே முறுக்கிப் பூட்டிக்கொள்ளும். கழன்றால் எல்லாம் சேர்ந்துதான் கழல வேண்டும். 2000-ஐ ஒட்டி இது பரவலான பிறகு, முழங்காலுக்கு அருகில் உடைந்த வயதானவர்களின் சிகிச்சையே மாறியது. அம்மாவுக்கு லாக்கிங் பிளேட் வேண்டும் என்பதில் இரண்டு டாக்டர்களுக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

பிரச்சினை, அது வந்த உற்சாகத்தில் நாங்கள் எல்லாத் துளையிலும் ஸ்குரூவைப் போட்டு நிரப்பியதில் வந்தது. பிளேட்டும் ஸ்குரூவும் சேர்ந்த கட்டு அளவுக்கு மீறி விறைத்துவிட்டது. எலும்புக்குத் தேவையான அந்தச் சின்ன அசைவுகூட இல்லை. பிளேட்டுக்கு நேர் கீழே, வெளிப்பக்கம், புது எலும்பே வராமல் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் வந்த படங்கள் நிறையப் பார்த்தோம். 2011-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், இந்த இடத்தில் லாக்கிங் பிளேட் போட்டவர்களுக்கு எலும்பு சேர்வதில் வந்த சிக்கல் 0 முதல் 32 சதவீதம் வரை, ஆய்வுக்கு ஆய்வு மாறியிருந்தது. இவ்வளவு அகலமான வித்தியாசத்துக்குப் பிளேட்டை மட்டும் காரணம் சொல்ல முடியாது; போட்ட விதமும் நோயாளியின் உடம்பும் சேர்ந்த கணக்கு இது. சர்க்கரை, புகை, உடல் பருமன், தோல் கிழிந்த முறிவு, பிளேட் குட்டையாக இருப்பது ஆகியவை சேராமல் போவதைக் கூட்டுகின்றன. அதனால் இப்போது நீளமான பிளேட்டும் குறைவான ஸ்குரூவும்தான் வழக்கம்: நொறுங்கிய பகுதியின் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு நீளப் பிளேட், துளைகளில் பாதிக்கு மேல் காலி, முறிவுக்கு நேரே இரண்டு மூன்று துளைகளை வேண்டுமென்றே விட்டுவிடுவது. எக்ஸ்ரேயில் காலித் துளையைப் பார்த்து "ஸ்குரூ போட மறந்துட்டாங்களா" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, இரண்டாவது பிளேட். இங்கேதான் உங்கள் இரண்டு டாக்டர்களும் பிரிகிறார்கள். வெளிப்பக்கப் பிளேட் பாரத்தின் அச்சுக்குத் தள்ளி இருக்கிறது. உள்பக்க எலும்புச் சுவர் முழுதாக இருந்தால் அதுவும் சேர்ந்து பாரம் தாங்கும், ஒரு பிளேட் போதும். உள்பக்கச் சுவர் நொறுங்கி அல்லது காணாமல் போயிருந்தால், ஒவ்வொரு அடிக்கும் பிளேட் உள்பக்கமாக வளையும். நாளடைவில் முறிவுக்குக் கீழே உள்ள கால் உள்நோக்கிச் சாயும், அல்லது பிளேட் ஒடியும். உள்பக்கமும் ஒரு பிளேட் வைத்தால் கட்டு பல மடங்கு உறுதியாகிறது என்பது சோதனைக்கூடத்தில் தெளிவாகத் தெரிந்த விஷயம். அதனால் மனிதர்களில் எலும்பு சேரும் விகிதம் எவ்வளவு கூடுகிறது என்பது அந்த அளவுக்குத் தெளிவான விஷயமல்ல. ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை, பழைய கேஸ்களைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது: இன்னொரு கீறல், கூடுதல் நேரம், கூடுதல் ரத்தம், சர்க்கரை உள்ளவருக்குத் தொற்று பயம். தொடையின் முக்கிய ரத்தக்குழாய் அந்த உயரத்தில்தான் உள்பக்கமிருந்து பின்பக்கம் போகிறது, அதை அறிந்து வேலை செய்ய வேண்டும். இரண்டு பிளேட்டுக்குப் பதில் ஒரு பிளேட்டும் ஒரு ராடும் சேர்த்துப் போடுவதும் இப்போது வயதானவர்களுக்கு நடக்கிறது. சீக்கிரம் காலூன்றி நடக்க வைக்கலாம் என்பது அதன் கவர்ச்சி. நீண்டகாலப் பலன் இன்னும் முழுதாக எடைபோடப்படவில்லை.

என் சொந்த வழக்கம் கேட்டால்: சி.டி. ஸ்கேனில் உள்பக்கச் சுவர் ஒரு அங்குலத்துக்கு மேல் நொறுங்கியிருந்து, எலும்பும் மெலிந்திருந்து, சர்க்கரையும் இருந்தால் நான் இரண்டாவது பிளேட்டின் பக்கம் சாய்வேன். அந்த ஒரு அங்குலம் புத்தகக் கணக்கல்ல, என் கைக்கணக்கு. உள்பக்கம் ஒற்றைக் கோடாக உடைந்து நன்றாகப் பொருந்துகிறது என்றால் ஒரு பிளேட்டோடு வெளியே வந்துவிடுவேன். இன்னொரு டாக்டர் ஒன்றே போட்டுவிட்டு, மூன்றாம் மாதம் எலும்பு வளரவில்லை என்றால் அப்போது உள்பக்கம் போய் எலும்பு ஒட்டு வைத்து இன்னொரு பிளேட்டும் போடலாம் என்று திட்டமிடுவார். அதுவும் முறையான திட்டம்தான், நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால்.

அதனால் "ஒன்றா இரண்டா" என்று கேட்பதைவிட, இரண்டு பேரிடமும் "உள்பக்கச் சுவர் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். சி.டி. எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். தொடை எலும்பின் கீழ்முனைக் குமிழ் முன்பின்னாகப் பிளந்திருப்பது, ஹோஃபா முறிவு என்போம், சாதாரண எக்ஸ்ரேயில் எளிதாகத் தப்பிவிடும். அதைத் தவறவிட்டு எத்தனை பிளேட் போட்டாலும் மூட்டு கெடும். அம்மாவுக்கு முன்பே முழங்கால் மாற்று அறுவை நடந்திருந்தால் அதைச் சொல்லுங்கள், கணக்கு முழுக்க மாறும். எலும்பு மெலிவுக்கு அலெண்ட்ரோனேட் போன்ற மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ஸ்டீலா டைட்டானியமா என்று பணம் கேட்கும்போது குழம்ப வேண்டாம்: டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் ஏறக்குறையப் பாதி, அது எலும்புக்குக் கொஞ்சம் இசைவானது. ஆனால் நீளம் குறைந்த டைட்டானியம் பிளேட்டைவிட, சரியான நீளத்தில் முறையாக வைத்த ஸ்டீல் பிளேட் மேல்.

இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்வேன். நான்காவது டாக்டரைத் தேடிப் போகாதீர்கள். இந்த வயதில் படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரலுக்கும் கால் ரத்தக்குழாய்க்கும் முதுகுத் தோலுக்கும் ஆபத்து. உடம்பு இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் அறுவை முடிவது நல்லது. இடையில் யாராவது புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்பார்கள். மூட்டுக்கு இவ்வளவு அருகில் நொறுங்கிய எலும்பை வெளிக்கட்டு நேராகப் பிடிக்காது. இருவரில் யார் இந்த முறிவை அடிக்கடி செய்கிறாரோ, யார் சி.டி. படத்தை உங்கள் முன் வைத்துக் காரணம் சொல்கிறாரோ, அவரிடம் விட்டுவிடுங்கள். பழகிய கையால் போட்ட ஒரு பிளேட், பழகாத கையால் போட்ட இரண்டைவிட எனக்குப் பிடிக்கும்.

அறுவைக்குப் பிறகு முழங்காலை மடக்கி நீட்டுவதை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். வலிக்கிறதே என்று அம்மாவைப் படுக்க விட்டால் மூட்டு இறுகும். எப்போது முழுப் பாரம் ஊன்றலாம் என்பது கட்டின் உறுதியைப் பொறுத்தது. ஒற்றைப் பிளேட் என்றால் பெரும்பாலும் ஆறு வாரம் வாக்கரோடு காலைத் தொட்டுத் தொட்டு நடக்கச் சொல்வார்கள். ஆறாவது, பன்னிரண்டாவது வார எக்ஸ்ரேக்களைத் தவறவிடாதீர்கள். சேர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் இன்னும் இழுக்கும். எலும்பு சேர்ந்த பிறகு பிளேட்டை எடுக்கவேண்டுமா என்று கட்டாயம் கேட்பீர்கள்: தொந்தரவு தராதவரை 67 வயதில் எடுக்காதீர்கள். வருடம் கழித்து டைட்டானியம் ஸ்குரூவின் தலை பிளேட்டோடு இறுகி, ஸ்குரூ டிரைவர் மழுங்கி, போட்ட நேரத்தைவிட எடுக்கும் நேரம் கூடிய கேஸ்கள் என்னிடமே உண்டு.

சி.டி. எடுத்தபின் பெயரை மறைத்துப் படத்தை இங்கே போட்டால் உள்பக்கச் சுவரைப் பார்த்துச் சொல்கிறேன். ஃபிலிமை ஜன்னலில் பிடித்து போனில் எடுத்த போட்டோ வேண்டாம், பாதி நேரம் அதில் ஜன்னல் கம்பிதான் தெரிகிறது. ஸ்கேன் சென்டரில் கேட்டால் முழுப் படத்தையும் வட்டிலோ லிங்க்காகவோ தருவார்கள்.